க்ரூமெலின் இடது கண்

சலவைத் தொழிற்சாலையின் வேலைப் பட்டியலில் அவளுடைய பெயர் 'மக்டலீன் அ.' என்றுதான் இருக்கும். புதிதாக வரும் மேற்பார்வையாளர்கள் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்களில் தேடுவார்கள். யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்த மக்டலீன் அதற்குள் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவாள். கூப்பிட்டு முடிக்கும்வரை இருந்த இடத்தில் நிற்க அவளால் முடியாது.

அந்தப் பொறுமையின்மைக்குக் காரணம் இருந்தது. 1985ஆம் ஆண்டு கணவன் பீலிக்ஸுடன் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்தவள் அவள். அகதி விண்ணப்பத்துக்குத் தீர்ப்பு வரப் பதினொரு வருடம் எடுத்தது. ஹனோவருக்கு வெளியே ஒரு சிற்றூரில், மூடிக்கிடந்த பழைய விடுதியொன்றில் ஒரே அறை. மகள் கவிசா பிறந்ததும் அங்கேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போனால், கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் கோப்பைப் புரட்டிவிட்டு 'அப்வார்ட்டன்' என்பார். பொறுத்திருங்கள் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் அவள் முதன்முதலாகச் சரியாக உச்சரிக்கப் பழகிய சொல் அதுதான்.

அனுமதிக் கடிதம் வந்து, ஹனோவரின் லிண்டன் பகுதியில் வீடு எடுத்து, சலவையில் வேலையும் கிடைத்த பிறகு, இனிமேல் எதற்காகவும் காத்திருப்பதில்லை என்று சத்தியம் செய்தவள் போலத்தான் நடந்துகொண்டாள். ட்ராம் வர நான்கு நிமிடம் என்று பலகை காட்டினால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிடுவாள். சோறு வெந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் கையில் மடிப்பதற்கு ஏதாவது துணி இருக்கும். காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்த கை அது. பொதி பிரிக்கும் நிலையத்தில் பீலிக்ஸுக்குப் பிற்பகல் வேலை. அவள் வீட்டுக்குள் வரும்போது அவன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பான்.

2005 நவம்பரில் கவிசா டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய விளையாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டியது. கூடப் படிக்கிறவளின் பண்ணை வீட்டில் பிறந்த குட்டி, மூன்று மாதம். மாணவர் விடுதியில் வைத்திருக்கப் பார்த்தாளாம், இரண்டு கிழமையில் காவலாளிக்குத் தெரிந்துவிட்டது. பெயர் க்ரூமெல். பாண் ரொட்டியை வெட்டினால் மேசையில் கொட்டுகிற துகளுக்கு ஜெர்மன்காரர் சொல்லும் பெயர்.

"ஒரு மாசம்தான் அம்மா. நான் வேற அறை பாத்திடுவன்" என்றாள் கவிசா.

மக்டலீன் மறுத்தாள். வீட்டுக்குள் நாய் வளர்த்த பழக்கம் அவளுடைய பரம்பரையிலேயே இல்லை என்றாள். கவிசா ஞாயிறு மாலை ரயிலேறியபோது குட்டி குசினி மூலையில், பீலிக்ஸின் பழைய குளிர் ஜாக்கெட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி வரை கவிசாவுக்கு வேறு அறை கிடைக்கவில்லை. நாய் வைத்திருக்கிறவர்களுக்கு யாரும் அறை கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. க்ரூமெல் லிண்டனிலேயே தங்கிவிட்டது.

நத்தார்ப் பண்டிகை முடிந்த டிசம்பர் கடைசிக் கிழமையில் குட்டியின் இரண்டு கண்களும் சிவந்தன. காலையில் எழும்பும்போது மூக்கோரத்தில் பசை போல் ஏதோ ஒட்டியிருந்தது. இடது கண் கொஞ்சம் கூடுதலாகக் கலங்கியிருந்தது. மக்டலீன் காகிதக் கைக்குட்டையால் துடைத்தாள். அரை மணி நேரத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி துடைத்தாள். மூன்றாம் நாள், தெருக்கோடியில் இருந்த விலங்கு மருத்துவர் டொக்டர் வீக்மானிடம் கொண்டுபோனாள்.

வீக்மான் அவளைவிட இளையவர், நாற்பது வயதுகூட இருக்காது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, உள்மூலையில் நாய்களுக்கு இருக்கும் மூன்றாவது இமையைச் சிறு இடுக்கியால் மெல்லப் பிரட்டிக் காட்டினார். உள்பக்கம் முழுக்கச் சிவந்து, ஊறவைத்த சவ்வரிசி போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். தூசி, காற்று, மகரந்தம் எதுவானாலும் இளம் நாய்களின் கண் அளவுக்கு மீறிச் சண்டை போடும், அந்தச் சண்டையின் அடையாளம்தான் இது என்று விளக்கினார். இமை மயிர் உள்ளே குத்தவில்லை, கண்ணீர் வற்றவில்லை, முள்ளோ புல்லோ சிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். காலையும் மாலையும் உப்புக் கரைசலால் கழுவச் சொன்னார். கூடினால் மட்டும் மருந்து. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒன்றரை வயதுக்குள் தானாக அடங்கிவிடும்.

"அதுவரை என்ன செய்வது?" என்று மக்டலீன் கேட்டாள்.

"அப்வார்ட்டன்" என்றார் வீக்மான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் காது சூடாகியது. உப்புக் கரைசல் போத்தலை எடுத்துக்கொண்டு, கை கொடுக்காமலே வெளியேறினாள்.

அடுத்த கிழமையே நகரின் மறுபக்கத்தில் வேறொரு மருத்துவரிடம் போனாள். அந்தக் கொப்புளங்களைச் சுரண்டி எடுக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். அவர் நாயின் வயதைக் கேட்டார். ஐந்து மாதத்தில் மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டினால் இரண்டு மாதத்தில் திரும்ப முளைக்கும், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அவரும் காத்திருக்கத்தான் சொன்னார். கீழ் வீட்டுக் கிழவி கெமொமில் பூத் தேநீரால் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தாள். கண் இன்னும் சிவந்தது. தமிழ்க் கடையில் அரிசி மூட்டை எடுக்கப் போனபோது அங்கே நின்ற சுந்தரேஸ்வரி அக்கா நந்தியாவட்டைப் பூவின் சாறு விட்டால் ஒரே நாளில் தெளியும் என்றாள். ஹனோவரில் பெப்ரவரி மாதத்தில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது? நாயின் கண்ணுக்காக ஒரு மனுசி ஊர் முழுக்க அலைகிறாள் என்று கடையில் நின்ற மற்றவர்கள் சிரித்ததும் அவள் காதில் விழுந்தது.

வீட்டில் அவளுடைய கை ஓயவில்லை. வேலையால் வந்து கதவைத் திறந்ததும் க்ரூமெல் ஓடிவந்து அவள் மடியில் முகத்தைப் புதைக்கும். உடனே தாடையைப் பிடித்து நிமிர்த்தி, டோர்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பாள். துடைப்பாள். தேநீர் வைத்துவிட்டு வந்து பார்ப்பாள். துடைப்பாள். சட்டைப் பை, மேலங்கிப் பை, கைப்பை எல்லாவற்றிலும் காகிதக் கைக்குட்டை இருந்தது. டோர்ச்சைக் கண்டதும் குட்டி கதிரைக்குக் கீழே ஒளிய ஆரம்பித்தது.

"இஞ்சாரும், அதின்ர கண்ணைக் கொஞ்சம் சும்மா விடும்" என்று பீலிக்ஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பெப்ரவரி கடைசியில் வீக்கம் கூடியபோது, வேறு வழியில்லாமல் திரும்ப வீக்மானிடமே போனாள். அவர் பழையதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கண்ணில் ஒரு சாயம் விட்டு, மேற்பரப்பில் கீறல் எதுவும் இல்லை என்று உறுதிசெய்தார். பிறகு கோர்ட்டிசோன் கலந்த சொட்டு மருந்தைப் பத்து நாளைக்குத் தந்தார். கண்ணைத் தன்னிடம் காட்டாமல் அதை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது, கண்ணில் காயம் இருக்கும்போது விட்டால் காயத்தைத் தின்றுவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். மக்டலீன் தலையாட்டினாள். நாலாம் நாளே கண் வெள்ளையாகத் தெளிந்தது. இரண்டு மாதமாக யாராலும் முடியாததை ஒரு சின்னப் போத்தல் செய்துவிட்டது. பத்தாம் நாள் நிறுத்தினாள். போத்தலில் கால்வாசி மீதி இருந்தது. எறிய மனம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்தாள்.

ஏப்ரல் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈமே ஆற்றங்கரையில் க்ரூமெல் முயலொன்றைக் கண்டு முட்பற்றைக்குள் பாய்ந்தது. வெளியே வந்தபோது இடது கண்ணை மூடி மூடித் திறந்தது. வீட்டுக்கு வந்தும் வெளிச்சத்துக்கு முகம் கொடுக்கவில்லை. மக்டலீன் மருத்துவருடைய இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, கண் மறுபடி சிவந்திருக்கிறது என்றாள். அவசரமா என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். பழைய பிரச்சினைதான் என்று சொன்னாள் மக்டலீன். அப்படியென்றால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்றாள் அந்தப் பெண்.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். மக்டலீன் குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நாய் முன்காலால் கண்ணைத் தேய்த்தது. அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் போத்தலை நகர்த்தினாள். போன முறை நாலு நாளில் தெளிந்ததுதானே என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாய் இரண்டு தடவை, புதன் நாலு தடவை, வியாழன் அதிகாலை வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை விட்டாள்.

வியாழன் மதியம் வீடு திரும்பியபோது க்ரூமெல் கதவடிக்கு ஓடிவரவில்லை. மேசைக்குக் கீழே படுத்திருந்தது. இடது கண்ணின் கருவிழியில் நீலம் பாய்ந்து, பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. காலையில் தான் எழும்பியபோதே அப்படித்தான் இருந்தது என்றும், அவளுடைய கைபேசிக்கு மூன்று தரம் எடுத்ததாகவும் பீலிக்ஸ் சொன்னான். வேலை நேரத்தில் அவளுடைய கைபேசி அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. இருவருமாக நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வீக்மான் அறை விளக்கை அணைத்தார். சாயத்தை விட்டு, நீல விளக்கைப் பிடித்தார். கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே, பயற்றம்பருப்பு அளவில் ஒரு இடம் பச்சையாக ஒளிர்ந்தது. புண், ஆழமாகப் போயிருந்தது. அவர் விளக்கைப் போட்டுவிட்டு, மக்டலீனைப் பார்த்து, கண்ணில் ஏதாவது விட்டீர்களா என்று கேட்டார்.

மக்டலீன் கதவைப் பார்த்தாள். பதினொரு வருடம் அலுவலக மேசைகளுக்கு முன்னால் நின்று அவள் கற்றிருந்தது ஒன்றுதான்: நீ சொல்வது எல்லாம் எழுதப்படும், எழுதப்பட்டது பிறகு உனக்கு எதிராகத் திரும்பி வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், முடிந்தால் அதையும் சொல்லாதே. பீலிக்ஸுக்கு அந்தச் சொட்டு மருந்தைப் பற்றித் தெரியாது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான்.

"விட்டேன்" என்றாள். "பெப்ரவரியில் நீங்கள் தந்ததை. வீட்டில் மிச்சம் இருந்தது. ஏழு தடவை விட்டேன்."

பீலிக்ஸ் அவள் பக்கம் திரும்பினான். வீக்மான் அதை அட்டையில் எழுதினார்.

"சொன்னது நல்லது" என்றார் பிறகு. "இல்லையென்றால் புண் ஏன் இவ்வளவு வேகமாக ஆழமானது என்று தேடிக்கொண்டே நாளைய நாளையும் வீணாக்கியிருப்பேன். உங்கள் நாயின் கண்ணுக்கு வீணாக்க ஒரு நாள்கூட இல்லை."

குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று மக்டலீனால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

க்ரூமெலின் காலிலிருந்து இரத்தம் எடுத்து, அதை இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்த நீரைச் சொட்டு மருந்தாக்கிக் கொடுத்தார்கள். அது ஒன்று, கிருமிக்கு வேறொன்று, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி விடவேண்டும். கழுத்தில் புனல் போன்ற காவல். சனிக்கிழமைக்குள் புண் சுருங்காவிட்டால் பெரிய மருத்துவமனையில் அறுவை. கண் வெடித்தால் அதை எடுக்க வேண்டியும் வரலாம்.

வெளியே வந்து தெருமுனையில் பீலிக்ஸ் நாயை மற்றத் தோளுக்கு மாற்றினான். பிறகு, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டான்.

"சொன்னா விட வேண்டாமெண்டு சொல்லுவீங்கள்" என்றாள் அவள்.

சலவையில் ஒரு கிழமை விடுப்புக் கேட்டாள். ஒன்பது வருடத்தில் முன்னறிவிப்பில்லாமல் அவள் விடுப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். யாருக்குச் சுகமில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, வீட்டில் ஒருவருக்குக் கண் என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாட்களில் அவளால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பாள். சன்னலடிக்குப் போவாள். புனலுக்குள் எட்டிப் பார்ப்பாள். குளிர்சாதனப் பெட்டியில் மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் சிறிய ஊசிக் குழல்களில் அந்த மஞ்சள் நீர் வரிசையாக இருந்தது. எத்தனை மிச்சமென்று எண்ணுவாள். வெள்ளிக்கிழமை காலை சொட்டு விடப் போனபோது கை நடுங்கியது. துளி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நாய் முனகியது.

பீலிக்ஸ் கதிரையிலிருந்து எழும்பி வந்தான். நாயைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, தலையைப் பின்பக்கமாகக் கைக்குள் அணைத்துக்கொண்டான்.

"நீர் நடுங்கிறீர். தாரும் இஞ்சை" என்றான்.

அவள் கொடுத்தாள். அவனுடைய பெரிய விரல்கள் மேலிமையைத் தூக்கின. துளி நேராக விழுந்தது. க்ரூமெல் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அவன் மணிக்கட்டை நக்கியது. அன்றிலிருந்து பகல் சொட்டுகள் எல்லாம் அவன் கையால்தான். மேசையில் ஒட்டிய காகிதத்தில் நேரத்தைக் குறிப்பது அவள் வேலை. அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு மாலைச் சொட்டுகளை அவள் விட்டாள். முதல் நாளைப் போல நடுங்கவில்லை.

சனிக்கிழமை பச்சை இடம் பெரிதாகவில்லை. சுருங்கவும் இல்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றார் வீக்மான். திங்கட்கிழமை ஓரத்திலிருந்து மெல்லிய சிவப்பு நரம்புகள் புண்ணை நோக்கி வளரத் தொடங்கியிருந்தன. அது நல்ல அறிகுறியாம், உடம்பு தானே ஆள் அனுப்புகிறது என்றார். பன்னிரண்டாம் நாள் சாயம் எங்கும் ஒட்டவில்லை. கருவிழியில் ஊசி முனையளவு சாம்பல் நிறத் தழும்பு மட்டும் மிஞ்சியது.

கண் தப்பிவிட்டது. ஆனால் சவ்வரிசிக் கொப்புளங்கள் அப்படியேதான் இருந்தன. மே மாதம் மறுபடி ஒழுகத் தொடங்கியது. இந்த முறை வீக்மான் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் மக்டலீனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அவள் நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள். கறுப்புக் கம்பளிச் சட்டையின் கைகளில், தோளில், மடியில் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. தினமும் பார்க்கிற தூசி அது. வீட்டுக்கு வந்ததும் நாய் முகத்தைப் புதைப்பது அந்த மடியில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் கண்ணைத் துடைக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. மக்டலீன் யோசித்தாள்.

"இருபது. சில நாள் கூட."

காகிதக் கைக்குட்டையும் ஒரு உரசல்தான் என்றார் வீக்மான். காலையும் மாலையும் கரைசலால் கழுவி, வடிவதை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், இடையில் கை படவே கூடாது. தூசிதான் காரணம் என்று தன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது, துடைப்பதுதான் என்றும் சொல்ல முடியாது, ஆனால் இரண்டையும் நிறுத்திப் பார்க்கலாம்.

வேலையிடத்திலேயே உடை மாற்றிக்கொண்டு வருவது சுலபமாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் அந்தக் கோடைகாலம் முழுக்க அவளுக்குப் பெரும் பாடு. கண்ணோரத்தில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு அடுத்த கழுவும் நேரம் வரை சும்மா இருக்கவேண்டும். வீட்டில் இருந்தால் கை தானாகப் போய்விடும். அதனால் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். ஈமே கரையில் தொடங்கி, லைனே ஆற்றோடு சேரும் இடம் தாண்டி, ஹெரன்ஹவுசன் வரை நடப்பார்கள். காற்று அடிக்கிற நாளில் வீடுகளுக்கு நடுவே, புல் வெட்டுகிற நாளில் கல் பாவிய தெருக்களில். எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் இடிக்கிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடமாகியது. ஒன்பது வருடம் லிண்டனில் இருந்தும் கீழ் வீட்டுக் கிழவியைத் தவிர யாருடனும் பேசியதில்லை. இப்போது நாய்க்காரர்கள் நிறுத்திப் பேசினார்கள். அவளுடைய பெயரைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டே அவள் அடுத்த அடி வைத்துவிடுவாள். சப்பாத்தின் அடி ஒரு பக்கம் தேய்ந்து, ஓகஸ்டில் புதிது வாங்கினாள்.

ஒரு மாதம் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் சிவக்கும். இரண்டு தடவை சொட்டு மருந்து தேவைப்பட்டது. இரண்டு தடவையும் சாயம் விட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினாள். சொன்ன நாள் முடிந்த கையோடு மிஞ்சியதை வரவேற்பு மேசையில் திருப்பிக் கொடுத்தாள். நவம்பரில் ஒழுகுவது குறைந்தது. நத்தாருக்குக் கவிசா வந்து, நாயின் கண்கள் அழகாயிருக்கின்றன என்றபோது மக்டலீன் உடனே டோர்ச்சை எடுத்து, தானும் பார்த்து, நம்பாமல் அணைத்தாள்.

2007 பெப்ரவரியில் க்ரூமெலுக்கு ஒன்றரை வயது. பரிசோதனை நாளுக்காக மக்டலீன் முழு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். வீக்மான் மூன்றாவது இமையைப் பிரட்டி, கொஞ்ச நேரம் பார்த்து, அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். வழவழப்பான இளஞ்சிவப்பு. ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். வயது அடக்கியதா, பஞ்சுத் தூசி நின்றதா, கை நின்றதா, யாருக்கும் தெரியாது என்று சிரித்தார். பிரச்சினை வந்தால் மட்டும் இனி வந்தால் போதும். மக்டலீன் இந்த முறை இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்தாள்.

தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. மணி நாலு. மிச்ச நாளுக்கு அவளிடம் ஒரு வேலையும் இல்லை. ட்ராம் தரிப்பிடத்தின் கூரைக்குக் கீழே நின்று கவிசாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. பிறகு பீலிக்ஸுக்கு எடுத்தாள். வேலை நேரத்தில் அவனை அழைத்தது கிடையாது. மூன்றாவது மணியடிப்பிலேயே எடுத்தான். பின்னால் பொதிகள் ஓடும் பெல்ட்டின் இயந்திரச் சத்தம்.

"என்ன, ஊரிலை ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்றான்.

"ஒண்டும் இல்லை. கண் சுகமாயிட்டுது. இனி வரத் தேவையில்லையாம்."

யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது.

"நல்லது" என்றான். "நீர் சாப்பிட்டனீரோ?"

"இல்லை."

"போய் முதல்ல சாப்பிடும். வைக்கிறன், பெல்ட் ஓடுது."

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள். ட்ராம் வர ஏழு நிமிடம் என்று பலகை காட்டியது, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ட்ராம் வந்து கதவு திறந்தது. க்ரூமெல் முதலில் ஏறியது.